பூசானில் ஓர் ஒத்தி வீடு

கொரியாவின் பூசான் நகருக்குக் கப்பல் கட்டும் வேலைக்குப் போன முதல் வருடம், கம்பெனி விடுதி பிடிக்காமல் வெளியே வீடு தேடினேன். தரகர் மலைச்சரிவில் ஒரு வீட்டைக் காட்டினார். பெருந்தொகை ஒன்றை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகையே கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வரும் என்றார். எனக்கு ஏமாற்று வேலையாகப் பட்டது. கீழக்கரையில் இருக்கும் மனைவியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"மச்சான், இது ஒத்திதானே? நாங்க இங்கன இருக்குற வீடும் அப்படித்தானே? வீட்டு மேல வில்லங்கம் இருக்கான்னு மட்டும் கேளுங்க."

கேட்டேன். தரகர் கொஞ்சம் தயங்கி, வீட்டின் பேரில் பெரிய வங்கிக் கடன் இருப்பதை ஒப்புக்கொண்டார். கடன் கட்டாமல் வீடு ஏலத்துக்குப் போனால் என் பணமும் அதோடு போய்விடும்.

அதை விட்டுவிட்டு, மாத வாடகைக்கு ஒரு சின்ன அறை எடுத்தேன். சாவியோடு படியேறும்போது அவள் சொன்னதே மனதில் ஓடியது. கொரியாவில்தான் அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஊரில் என் பிள்ளைகள் வளர்வதும் அடுத்தவர் வீட்டில்தான் என்பது அன்றுதான் உறைத்தது.