பத்து மணிக்குத் திறக்காத பூட்டு

மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் தியேட்டர் மேனேஜராக ஓய்வு பெற்றவள் நான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மெஷின் நின்னு போனா என்ன செய்வீங்க அக்கா?" மெஷின் நின்றால் எனக்குப் பயமில்லை. ஒருநாள் மெஷின் நன்றாகவே இருந்தது. என் மூளைதான் நின்றுபோனது.

பழைய தமிழ்ப் படங்களை ஞாயிறு காலையில் போடலாம் என்று முதலாளியை நச்சரித்தவள் நான்தான். அவர் சீனர், தமிழ் தெரியாது. "ஒரு தடவை போட்டுப் பாருலா. சொதப்புனா இதோட முடிஞ்சது" என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டார். நான் எடுத்தது ஒரு கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம். கதாநாயகன் ஓடிப்போனதை மறைத்து நாடகம் நடத்தப் பாடுபடும் ஒரு நாடகக் கம்பெனி முதலாளியின் கதை.

இப்போது படம் ஹார்டு டிஸ்க்கில் வருகிறது. அதைத் திறக்கும் 'கீ' என்ற ஃபைல் தனியாக ஈமெயிலில் வரும். எந்த நாள், எந்த மணியிலிருந்து ஓட்டலாம் என்பது அதற்குள் இருக்கும். காட்சிக்கு முதல் நாளே ஓட்டிப் பார்க்கும்படி கீ கேட்பதுதான் முறை. நானோ, "ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து போதும்" என்று படத்தை அனுப்பும் சென்னைக் கம்பெனிக்கு எழுதினேன். எத்தனை படம் ஓட்டியாச்சு என்கிற திமிர், வேறென்ன!

பத்தேகாலுக்கே ஹால் நிரம்பிவிட்டது. டத்தோ கிராமாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். தூரத்திலுள்ள தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். முதலாளி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பத்தரைக்குக் காட்சி. மாடி ரூமில் பட்டனை அழுத்தினேன். படம் வரவில்லை. படம் ஓட்டும் சர்வரில் சின்னதாக ஒரு பூட்டு தெரிந்தது. மறுபடி அழுத்தினேன். பூட்டுதான். கீயைத் திறந்து பார்த்தால் பன்னிரண்டரை என்று இருந்தது. அப்போதுதான் உறைத்தது. சென்னைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பத்து மணியைப் போட்டிருக்கிறார்கள். நமக்கு அது பன்னிரண்டரை!

சென்னைக்குப் போன் அடித்தேன். அங்கே ஞாயிறு காலை எட்டு மணி, யார் எடுப்பார்கள்? கீழே ஓடி மைக்கைப் பிடித்தேன். "ஏர்கோன் செக் பண்றோம், அஞ்சே நிமிஷம்" என்று ஏசி மேல் பழியைப் போட்டேன். கால் மணி கழித்து மறுபடியும் போனேன். "சவுண்டு செக், அஞ்சே நிமிஷம்." முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. என் ஞாயிறு காலைப் படங்கள் போச்சு என்றே நினைத்தேன்.

மூன்றாவது தடவை வாயைத் திறப்பதற்குள் வேனில் வந்த ஒருவர் எழுந்தார். "தங்கச்சி, எங்க வேன் ரெண்டு மணிக்குக் கெளம்பிரும். படம் ரெண்டரை மணி நேரம். இருக்கவா, போகவா? உள்ளதச் சொல்லுங்கலா."

மைக்கைத் தூக்கினேன். "தப்பு என்னோடது அண்ணே. எந்த ஊரு மணின்னு எழுதாம விட்டுட்டேன். இந்தியா மணிக்குப் பூட்டிக் கெடக்கு. போன் யாரும் எடுக்கல."

முன் வரிசையில் ஒரு அக்கா சத்தமாகச் சொன்னார்: "இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே? போங்க, போன விடாம அடிங்க. நாங்க எங்கயும் ஓடிப்போகல."

பதினொன்று பத்துக்கு ஒருவர் தூக்கக் குரலில் எடுத்தார். "பத்து மணின்னுதானே கேட்டீங்க மேடம்? இங்க ஒம்பதுகூட ஆகலயே."

"இங்க பத்து எப்பவோ போயிருச்சு தம்பி!" கத்தினேனா அழுதேனா, தெரியாது. புதுக் கீ வந்து, பதினொன்று இருபத்தைந்துக்குப் படம் ஓடியது. வேனுக்கு ஐந்து நிமிஷம் மிச்சம்.

ஹால் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். திரையில் நாடக முதலாளி படுதாவுக்கு வெளியே தலையை நீட்டினார். விளக்கு ரிப்பேர் என்றார், ஒட்டு மீசை காணோம் என்றார். ஒவ்வொரு பொய்க்குப் பிறகும் கும்பிட்டு, "அஞ்சே நிமிஷம்" என்றார். ஹால் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்த வேன் அண்ணன் கை தட்டினார். ஐயோ, நான் நாலு தடவை பார்த்த படம் அது! அந்தக் காட்சியை எப்படி மறந்தேன்?

முதலாளி எழுந்து வந்தார். "எல்லாரும் ஏன் உன்னப் பாக்குறாங்க?"

இன்னொரு பொய்க்குத் தெம்பில்லை. கீ, மணி, ஏர்கோன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரிக்கும் கூட்டத்தைப் பார்த்தார்.

"அடுத்த மாசமும் போடு. மைக்க மட்டும் வேற ஆள்கிட்ட குடுலா."

கீ கேட்கும்போது 'மலேசிய நேரம்' என்று எழுதுங்கள். முதல் நாளே ஓட்டிப் பாருங்கள். அப்படியும் சொதப்பினால், முதல் தடவை மைக்கைப் பிடிக்கும்போதே உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. இன்றும் காய்கறி வாங்கப் போகும் பசாரில் என்னைப் பார்க்கிறவர்கள் "அஞ்சு நிமிஷம் அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.