ரெஜினா மேடத்தின் ஒரு மணி நேரம்

காட்டூரில் நூலகத்தைத் திறந்து நாளிதழ்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டிலிருந்து மீனவர் ஏழுமலை பேசினார். "சார், நம்ம லைப்ரரிம்மா போய்ட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, பொன்னேரி ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே முடிஞ்சிபோச்சு." அங்கே நூலகராக இருந்த ரெஜினா அவர்களைத்தான் சொன்னார். நம்பாமல் மேடத்தின் எண்ணுக்கே அழைத்துப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் பழக்கம் நூலகர் மாநாட்டுப் பயிலரங்குகளில் தொடங்கியது. நூலகர்களாகிய நாங்கள் எப்படி மாறினோம் என்று தெரிய வேண்டுமானால் அவற்றின் தலைப்புகளைப் பார்த்தாலே போதும். முதலில் அட்டவணை அட்டை எழுதவும் கிழிந்த புத்தகத்தைத் தைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு கணினி வந்தது. தொடவே பயந்து நாங்கள் பின்வரிசைக்கு ஓடினோம். மேடம் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அப்புறம் பழைய நூல்களை மின்வடிவாக்குவது, இப்போது செயற்கை நுண்ணறிவு. எல்லாவற்றுக்கும் வந்தார், கேள்வி கேட்டே பேச்சாளர்களைத் திணறடித்தார்.

அவருடைய நூலகத்தில் இருந்தது ஒரே ஒரு கணினி. மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு விண்ணப்பிக்க, காற்று நிலவரம் பார்க்க என்று எல்லாக் குப்பத்து ஆட்களும் வந்து சண்டை போட்டார்கள். ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வதைப் பாடு என்பார்கள். மேடம் கணினிக்கும் பாடு வைத்துவிட்டார். ஏழுமலைதான் சீட்டு எடுத்தார். பெண்களுக்கும் பாடு உண்டு என்று மேடம் சொன்னபோது ஆண்கள் முறைத்தார்கள். அவரும் திருப்பி முறைத்தார்.

இதையே ஒரு பயிலரங்காக நடத்த அனுமதி கேட்டார். இது நூலகர் வேலை இல்லை, பிரவுசிங் சென்டர் வேலை என்று மாநாட்டுக் குழு ஒதுக்கியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், கையில் சாம்பார் சாதத் தட்டோடு பந்தியிலேயே ஆரம்பித்துவிட்டார். "வர்றவங்க இன்னா கேக்கறாங்களோ அதான் நம்ம வேல. புடிக்கலன்னா சாப்புட்டுப் போங்க." யாரும் போகவில்லை. அடுத்தடுத்த மாநாடுகளிலும் குழு மறுத்தது, அவரும் பந்தியிலேயே நடத்தினார். இந்த ஆண்டுதான் ஒருவழியாக நிகழ்ச்சி நிரலில் அவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள்.

அடக்கத்துக்கு மறுநாள் குழுவிலிருந்து அழைத்தார்கள். அவருக்கு ஒதுக்கிய அந்த ஒரு மணி நேரத்தில் மேடத்துக்கு மௌன அஞ்சலி செலுத்திவிட்டு, மீதியைத் தேநீர் இடைவேளை ஆக்கிவிடலாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தவரை அவரைப் பேசவிடாதவர்கள், போன பிறகு எங்கள் வாயையும் அடைக்கப் பார்க்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். பயிலரங்கு நடக்கும். மேடைக்கு வர முடியுமா என்று ஏழுமலையிடம் கேட்டேன். "நான் இன்னாத்துக்கு சார் தனியா? பசியாவரம் குப்பத்துப் பொம்பளைங்களையும் கூட்டினு வரேன். அவங்க பேசுனா எவனும் எழுந்து போக மாட்டான்" என்றார்.

நேற்று அவருடைய நூலகத்துக்குப் போனேன். அந்தப் பெண்களின் பாடு. கணினியைச் சுற்றி நெருக்கியடித்து நின்று, உரக்கப் பேசிக்கொண்டே விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

போய் வாருங்கள், மேடம். உங்களுக்காக ஒரு நிமிடம்கூட நாங்கள் சும்மா நிற்கப்போவதில்லை.