கடைசியாக வைத்த வீடு

அன்பானவர்களே, ஆண்டவர் என் அம்மாவைத் திருப்பித் தரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படியிருந்தும் அவர் என் செபத்தைக் கேட்டார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பள்ளிமுனை என்கிற கடலோர ஊரைச் சேர்ந்தவள். அப்பா கடற்றொழில் செய்கிறார். போன வருடம் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. ஒவ்வொருவரும் தனியாக ஒரு செயற்றிட்டம் செய்து கொடுத்தால்தான் பட்டம். எங்கள் பகுதியில் எந்தக் கிணறுகள் உவராகிவிட்டன, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதை யார் சுமந்து வருகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பது என் தலைப்பு. தலைப்பு நல்லதுதான். ஆனால் நான் வாய் திறக்காதவள். சொந்தக்காரர் வீட்டுப் படலைக்கு முன்னால் நின்றால்கூடக் கூப்பிடாமல் திரும்பிவிடுவேன்.

அம்மா சிரித்தார். "நீ எழுது பிள்ளை, கதைக்கிறதை நான் பாக்கிறன். கூட வாறன்" என்றார். ஆவணி விடுமுறையில் மீன் வெட்டிக்கொண்டே என்னோடு திட்டம் போட்டார். முதலில் எந்த ஒழுங்கை, யாரிடம் காலையில் போகலாம், யார் பின்னேரம்தான் வீட்டில் இருப்பார்கள் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "எங்கட வீட்டை ஆகக் கடைசியா வை. நான் நல்ல சீலை கட்டிக்கொண்டு கதிரையில இருந்து பதில் சொல்லுவன்" என்றார்.

மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்வந்த மறுநாள் அவருக்கு நெஞ்சு நோவு வந்தது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்று பின்னேரமே போய்விட்டார். ஒரு வீட்டுக்குக்கூட நாங்கள் போகவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை நான் வெளியே போகக்கூடாது என்றார் பெரியம்மா. அதோடு விடுமுறையும் முடிந்துவிடும். உண்மையில் எனக்குப் போகவும் மனமில்லை. படிப்பை விட்டுவிடலாம் என்றே இருந்தேன். செபிக்க முழந்தாளிட்டால் கோபம்தான் வந்தது. கூட வருகிறேன் என்றவரை எடுத்துவிட்டு என்னை என்ன செய்யச் சொல்கிறீர் என்று திரு இருதயப் படத்துக்கு முன்னால் சண்டை பிடித்தேன். ஒருநாள் சண்டை பிடிக்கவும் தெம்பில்லை. "ஆண்டவரே, ஒரு வீட்டையாவது எனக்குத் திறந்துவிடும்" என்று மட்டும் கேட்டேன்.

பின்னேரங்களில் அம்மாவுக்காகச் செபமாலை சொல்ல அயலவர்கள் வருவார்கள். அன்றும் வந்தார்கள். செபமாலை முடிந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு எல்லாரும் எழும்ப, பக்கத்து ஒழுங்கை லூர்து அக்கா மட்டும் எழும்பவில்லை.

"பிள்ளை, கிணத்தைப் பற்றி என்னவோ கேக்கோணுமாம். எப்ப கேக்கப் போறாய்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உன்ர அம்மாதான் குழாயடியில எல்லாரிட்டையும் சொன்னவ. என்ர பிள்ளை வருவாள், கூச்சக்காரி, வெருட்டிப்போடாமல் பதில் சொல்லுங்கோ எண்டு."

"ஓம், எனக்கும் சொன்னவ" என்று படலைவரை போன இன்னொருவர் திரும்பி வந்து பாயில் இருந்தார்.

நான் வாய்விட்டு அழுதேன். அவர்கள் என்னை அழவிட்டுக் காத்திருந்தார்கள். பிறகு முதல் கேள்வியைக் கேட்டேன். லூர்து அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் செபமாலை முடிய இரண்டு மூன்று பேர் எனக்காக இருந்தார்கள். நான் போக முடியாத வீடுகள் எல்லாம் என்னைத் தேடி வந்தன. அம்மா போட்ட ஒழுங்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் எங்கள் வீடு மட்டும் மிஞ்சியது. அந்த வீட்டைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அப்பாதான் கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தார். "கேள்" என்றார்.

"உங்கட வீட்டில குடிக்கிற தண்ணி எடுக்கிறது ஆர்?"

அப்பா "அவதான்" என்றார். பிறகு, "இப்ப நான் போறன். ஆனா அவவின்ர பேரையும் எழுது" என்றார். இரண்டு பெயரையும் எழுதினேன்.

செயற்றிட்டத்தைக் கொடுத்தேன். பட்டமும் கிடைத்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை என்ற துக்கம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அது போகும் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் செபிக்கத் தொடங்கும் முன்னமே ஆண்டவர் என் அம்மாவின் வாயால் எனக்கு வழி திறந்து வைத்திருந்தார். உங்கள் செபத்துக்கும் பதில் ஏற்கெனவே புறப்பட்டிருக்கலாம். கோபமாக இருந்தாலும் கேளுங்கள். அழுதுகொண்டாவது கேளுங்கள்.

இப்போது தண்ணீர் எடுக்க அப்பாவோடு நானும் போகிறேன். குழாயடியில் நிற்கிறவர்களோடு நான்தான் முதலில் கதைக்கிறேன்.