சித்தப்பா தொடாத சட்ஜம்

யுத்த காலத்தில், சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் நடந்துபோனவர்கள் சற்று நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். தறியில் இருக்க வேண்டிய என் சித்தப்பா தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு கையிலும் இரண்டு குச்சிகளை விரலிடுக்கில் பிடித்து, கட்டை கட்டையாகச் சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு பலகையைத் தட்டிக்கொண்டிருப்பார். தறியில் சித்தி இருப்பார்.

"ஒரு கையில ரெண்டு குச்சி புடிச்சா, சோறு எந்தக் கையில திங்கறது?" என்று அப்பா கேட்பார். சித்தப்பா சிரித்துக்கொண்டே அடுத்த கட்டையைத் தட்டுவார்.

பஜனை மடத்தில் ஆர்மோனியம் வாசித்துவந்த அவரை, ஊருக்கு வெளியே இருந்த ஒரு படக் கம்பெனி துணைக்கு வாசிக்க அழைத்திருந்தது. அங்கே சைலோபோன் என்னும் மரக்கட்டை வாத்தியத்தை வாசித்தவர் ஒரு கோவாக்கார இளைஞர். ஏற்காட்டில் துரைமாரின் நடன விருந்துகளில் ஜாஸ் வாசித்துத் தேர்ந்தவர். அவர் ஒரு கப்பலின் வாத்தியக் குழுவில் சேரப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் போவதற்குள் அந்த வேலையைக் கற்றுக்கொண்டால் இடம் உமக்கே என்று கம்பெனியின் இசையமைப்பாளர் சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார். நூல் வரத்துக் குறைந்து, தெருவில் பாதித் தறிகள் ஓய்ந்திருந்த காலம் அது. அந்த இடம் கிடைப்பதும் கிடைக்காததும் எங்கள் அடுப்பு எரிவதையே தீர்மானிக்கும் என்பதைப் பெரியவர்கள் அறிந்திருந்தனர்.

குச்சிகளின் தலையில் சுற்றிய நூல் தேய்ந்தபோது சீமையிலிருந்து புதியவை வரவழைக்க வழியில்லை. தறிக்கு நூலைத் தாராகச் சுற்றும் கையால் சித்தியே அவற்றைச் சுற்றிக் கொடுத்தார். இறுக்கிச் சுற்றினால் கட்டை அலறியது, தளர்த்தினால் ஊமையானது. கோவாக்காரர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, "இது போட்ட ஆள் பெரிய ஆள்" என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொல்லி அனுப்பினாராம். சித்தி வெட்கப்பட்டு, "நூலுதானுங்களே, அதிலென்னங்க இருக்குது?" என்றார்.

கை பழகிவிட்டது. மனம்தான் பழகவில்லை. ஜாஸில் நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே அடியாக ஒலிக்க வேண்டும். சித்தப்பா ஸ, க, ப, நி என்று நெருக்கி அடிப்பார். கோவாக்காரர் தலையை ஆட்டி, "ஸ வேண்டாம் அண்ணே. அதை விடு. மேலே ரி போடு, கொஞ்சம் காற்று வரட்டும்" என்பார். ஸ என்னும் சட்ஜமே இல்லாமல் ஒரு பாட்டா! பஜனையில் அதன்மேல் நின்றுதான் எல்லோரும் வாய் திறப்பார்கள். மேலும், பாவில் ஓர் இழை விட்டுப்போனால் அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு வியாபாரியின் முன் நிற்கக் கூசுகிற கை அது. இடம் விட்டு அடி என்றால் எப்படி அடிக்கும்? அறிந்து ஓர் இடத்தைக் காலியாக விடுவது அவருக்கு ஏமாற்று வேலையாகவே பட்டது.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டார். "சாமி, நீ ஸ-வைப் புடிச்சுக்கோ. உடாதே. நீ பாடினா என் கை அங்க போவாது" என்று என்னிடம் சொன்னார். அன்றுமுதல் அவர் பலகையைத் தட்ட, நான் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே அமர்ந்து மூச்சு முட்டும்வரை சட்ஜம் பாடினேன். வீட்டில் எனக்கு இத்தனை மதிப்பு அதற்குமுன் கிடைத்ததில்லை.

சோதனை நாளன்று என்னையும் கூட்டிச்சென்றார். வாசலருகே உட்கார்ந்து வாயைத் திறக்கக்கூடாது என்பது உத்தரவு. படத்தில் வரும் ஒரு நடன விருந்துக்கான பாட்டு. இசையமைப்பாளரின் கையசைவு விழுந்தது. சித்தப்பாவின் நான்கு குச்சிகளும் இறங்கின: க, ப, நி, ரி. ஸ இல்லை. நான் காதைத் தீட்டிக் கேட்டேன், எங்கும் இல்லை. நான் பாடாததால்தான் பாட்டு அந்தரத்தில் தொங்குகிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து "ஸா" என்றேன்.

வாத்தியங்கள் எல்லாம் நின்றன.

"யாரது?" என்றார் இசையமைப்பாளர்.

சித்தப்பாவின் முகம் வெளுத்தது. "எங்கண்ணன் புள்ளைங்க. மன்னிச்சுப்போடுங்க. ஊட்டுல... அதுதானுங்க எனக்கு ஸ புடிக்கும்."

கோவாக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். என் கையைப் பிடித்து அழைத்துச்சென்று, ஆளுயரம் நின்ற ஒரு பெரிய வயலினின் பக்கவாட்டில் என் உள்ளங்கையை ஒட்டி வைத்தார். "இப்போ கேள், பாப்பா. காதால் வேண்டாம்."

மறுபடி ஆரம்பித்தார்கள். உள்ளங்கை அதிர்ந்தது. காதுக்கு எட்டாமல் அடியில் கிடந்த சட்ஜம் முழங்கைவரை ஏறி வந்தது. அதன்மேல் சித்தப்பாவின் நான்கு குச்சிகளும் பாரமே இல்லாதவைபோல் நடந்தன. அவ்வளவு அழகாக அவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. வாசித்து முடித்ததும் இசையமைப்பாளர் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: "நாளைக்கு நேரத்தோடு வாரும்."

பொழுது சாயும் வேளையில் திரும்பினோம். சித்தப்பா வழியெல்லாம் வெறும் விரல்களால் காற்றைத் தட்டிக்கொண்டே வந்தார். "ஏன் சித்தப்பா, அந்தப் பெரிய வயலின்காரரை யாரும் பாக்கவே இல்லீங்களே?" என்று கேட்டேன்.

"அவரு அங்க இருக்கறாருன்னுதான் சாமி, நான் ஸ-வ உட்டேன்."

தெருமுனையிலேயே எங்கள் தறியின் சத்தம் கேட்டது. நெய்கிறவர் என்னோடு நடந்துவந்துகொண்டிருந்தார், தறி ஓடிக்கொண்டிருந்தது. அதில் எனக்கு எந்த வியப்பும் தோன்றவில்லை. பல மாதங்களாக அது அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல செய்தியை முதலில் சொல்லும் அவசரத்தில் ஓடிப்போய்க் கதவில் கை வைத்தேன். தறியின் ஒவ்வோர் அடிக்கும் அந்தக் கதவுப் பலகை என் உள்ளங்கையில் அதிர்ந்தது. சற்றுமுன் படக் கம்பெனியில் அறிந்த அதே அதிர்வு. ஆனாலும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு, தறியில் இருந்த சித்தியைத் தாண்டி ஓடி, கூடத்திலிருந்த அப்பாவிடம் சித்தப்பா வென்றுவிட்டார் என்று கூவினேன்.