வாத்துகளுக்கு மட்டும் கேட்ட குரல்

பாகோ ஆற்றங்கரையில் புரிங்கின் வாத்துப் பட்டி இருக்கிறது. திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில் விடிந்தும் விடியாமலும் கரும்பு வெட்டப் போனவர்கள் அங்கே ஒரு வேடிக்கையைப் பார்த்தார்கள். தீவனக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாத்துக் கூட்டத்தின் முன் நிமிர்ந்து நின்று, புரிங் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.

“தயாரா? கவனம்! ஸ்டாப்! துப்பாக்கியைக் காலி பண்ணிக் காட்டுங்க!”

அக்காவை மனாங் என்றும் அண்ணனை மனோங் என்றும் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். கரும்பு வண்டி ஓட்டும் பையன் மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டான். “மனாங், இதுல எந்த வாத்து சுடப்போவுது?”

“வாத்து எங்க சுடுது? என் தொண்டைதான் சுடமாட்டேங்குது” என்றாள் புரிங். அதுகூட அவனுக்குப் பாதிதான் கேட்டது.

அவளுடைய குரல் அப்படி. கோயிலில் அவள் சொல்லும் ஆமென் பக்கத்தில் முட்டிபோட்டு நிற்பவளுக்குக்கூட எட்டாது. பாடற்குழுவில் சேரப் போனபோது, பீடத்துக்குப் பூ வைக்கும் வேலையைக் கொடுத்து அன்பாக அனுப்பிவைத்தார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. பூவுக்குக் குரல் வேண்டியதில்லையே. ஆனால் இப்போது அவள் ஆசைப்பட்ட வேலைக்குக் குரல்தான் முதல்.

ஊருக்கு வெளியே பழைய கல்குவாரியில் ஒரு சுடும் சங்கம் இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் டிரைசிக்கிள் ஓட்டுகிறவர், பல் டாக்டர், மில் காவலாளி, கோழி வியாபாரி என்று பலரும் கைத்துப்பாக்கியும் சோற்றுப் பொட்டலமுமாக அங்கே கூடுவார்கள். பலகைச் சுவர்களைச் சுற்றி ஓடிக்கொண்டே, குறைந்த நேரத்தில் எல்லா இலக்குகளையும் சுட்டு முடிப்பதுதான் ஆட்டம். சுடுகிறவரின் தோளுக்குப் பின்னால் டைமருடன் ஒருவர் நிற்பார். அவருக்குச் சிவப்புத் தொப்பி. அவர் சொன்னால்தான் துப்பாக்கி உறையைவிட்டு வெளியே வரலாம், அவர் சொன்னால்தான் உள்ளே போகலாம். புரிங்குக்கு அந்தத் தொப்பி வேண்டும்.

சங்கத் தலைவர் தினோய் இரண்டு முறை மறுத்துவிட்டார். “மனாங், உங்க கண்ணு நல்ல கண்ணு. ஆனா காதை மூடிக்கிட்டு நிக்கிறவனுக்கு நீங்க பேசுறது எப்படிக் கேக்கும்? உயிர் விஷயம். இந்தத் திருவிழாப் போட்டியில ஒரு வாய்ப்பு தர்றேன். இதுலயும் முடியலன்னா என்னை மறுபடி கேக்கக் கூடாது.”

அதனால்தான் வாத்துகள்.

புரிங் துப்பாக்கிப் பக்கம் வந்த கதையும் வேடிக்கையானதுதான். அவள் கணவன் நெஸ்தோருக்குச் சர்க்கரை மில்லில் காவல் வேலை கிடைத்தது. வேலையோடு ஒரு கைத்துப்பாக்கியும் வீட்டுக்கு வந்தது. அது அலமாரியில் இருக்கிறது என்ற நினைப்பே அவளைத் தூங்கவிடவில்லை. ஆனாலும் அவள் அழவில்லை, அதைக் கொண்டுபோ என்று சண்டை பிடிக்கவுமில்லை. “வீட்டுக்குள்ள ஒண்ணு குடிவந்தாச்சு. அதோட குணம் எனக்கும் தெரியணும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறே புதியவர்களுக்கான வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

அங்கே சொல்லிக்கொடுத்ததை மறைக்கல்விபோல மனப்பாடம் செய்துகொண்டாள். எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே நினை. சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. இலக்கைக் கண் பிடிக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்.

வீட்டிலும் அதே ஒழுங்குதான். நெஸ்தோர் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தால் குண்டுகளெல்லாம் அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். மேகசினைக் கழற்றி, மேல்மூடியை இழுத்து, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவிய பிறகுதான் பழைய பல் பிரஷும் எண்ணெயும் மேசைக்கு வரும்.

“காலியாத்தான் இருக்கு, புரிங்.”

“தெரியும். இன்னொரு தடவை பாரு.”

அவள் குறிபார்த்துச் சுடுவதில் சுமார்தான். ஆனால் மற்றவர்கள் எல்லாரும் இலக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் கண் மட்டும் சுடுகிறவரின் கையில் இருக்கும். யாருடைய விரல் எப்போது எங்கே போகிறது என்பது அவளுக்குத் தப்பாது.

நெஸ்தோருக்கு வேறு ஆசை. திருவிழாப் போட்டியில் முதல் பரிசு தணலில் முழுசாக வாட்டிய பன்றி. ஒவ்வொரு வருஷமும் கோழி வியாபாரி ரமில் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். நெஸ்தோர் இரண்டாவதாக வந்து வாழைக்குலையோடு திரும்புவான். ஆனால் ஒரு விஷயத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. நடுவில் துப்பாக்கி மக்கர் பண்ணினால், மேகசினை அடியில் ஒரு தட்டு, மேல்மூடியை ஒரு இழுப்பு, உடனே அடுத்த குண்டு. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். காலி மேகசினை வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றுகூட அதைப் பழகுவான்.

போட்டிக் குண்டுகளை அவன் வீட்டிலேயே நிரப்புவான். சுட்ட காலித் தோட்டாவில் புது மருந்து போட்டு, குண்டை அழுத்திவிடுவான். சனிக்கிழமை மத்தியானம் அவன் அந்த வேலையில் இருந்தபோது டிவியில் கூடைப்பந்து ஓடிக்கொண்டிருந்தது.

“அதை அணைச்சிட்டுச் செய்யேன்” என்றாள் புரிங்.

“கடைசி ரெண்டு நிமிஷம்தான்.”

அவள் பூக்கூடையோடு கோயிலுக்குப் போய்விட்டாள்.

ஞாயிறன்று குவாரியில் கூட்டம் நெரிந்தது. பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி எல்லார்மேலும் தண்ணீர் தெளித்தார். ஒரு பக்கம் கரியடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. கடைசிக் குழு வந்தபோது தினோய் டைமரைப் புரிங்கின் கையில் கொடுத்தார். கூட்டம் சிரித்தது. ஏனென்றால் அந்தக் குழுவில் முதல் ஆள் நெஸ்தோர்.

“புருஷனைப் பாத்துக் கத்த முடியுமா மனாங்?” என்றார் தினோய்.

நெஸ்தோரே பதில் சொன்னான். “கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு தடவைகூட என்னைப் பாத்துக் கத்தினதில்ல. இன்னைக்கா கத்தப்போறா?”

“அதான் நீ இப்படிக் கெட்டுப்போயிருக்க!” என்று கரியடுப்பருகே இருந்த கோழிக்கடைக்காரி விசிறியை ஆட்டினாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

எல்லாரும் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டார்கள். புரிங் உத்தரவு சொன்னாள். டைமர் கூவியது. நெஸ்தோர் பாய்ந்தான். அப்படி ஓர் ஓட்டத்தை அந்தக் குவாரி பார்த்ததில்லை. முதல் சுவருக்குப் பின்னால் இருந்த இரும்புத் தட்டுகள் மடமடவென்று விழுந்தன. அடுத்த சுவரின் ஜன்னல் வழியே தெரிந்த காகித இலக்குகளில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. ரமில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பன்றி கைக்கு வந்துவிட்ட மாதிரிதான்.

கடைசி வரிசைக்கு முன்னால் துப்பாக்கி “டும்” என்று சொல்லாமல் “பஃப்” என்றது.

துப்பாக்கி வழக்கம்போலக் கையை உதைக்கவில்லை. மெல்லிய புகை மட்டும். நெஸ்தோரின் கை தானாக வேலை செய்தது. ஒரு தட்டு, ஒரு இழுப்பு. அவனுடைய பேர்பெற்ற வேகம். “அடி மனோங்!” என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. துப்பாக்கி இலக்குக்கு உயர்ந்தது.

புரிங்குக்கு விளங்கிவிட்டது. அது மக்கர் இல்லை. மருந்தில்லாத தோட்டா. அடியிலிருக்கும் பொறி மட்டும் வெடித்துத் தள்ளியதில் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அடுத்த குண்டு அதன்மேல் போய் மோதினால் துப்பாக்கி அவன் கையிலேயே வெடிக்கும். அவன் விரல் விசைமேல் போய்க்கொண்டிருந்தது.

“ஸ்டாப்!”

குவாரிச் சுவர் அதை வாங்கித் திருப்பிச் சொன்னது. கரும்புக் காட்டிலிருந்து கொக்குகள் கொத்தாக எழும்பின. கோழிக்கடைக்காரியின் விசிறி நின்றது. நெஸ்தோர் அப்படியே கல்லாக நின்றான்.

பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. “என்ன புரிங்? நேரம் ஓடுது! ஜெயிக்கிற நேரத்துல!”

“விரலை வெளிய வை. திரும்பாத. குழல் முன்னாலயே பாக்கட்டும்.” அந்தக் குரல் இன்னும் இறங்கவில்லை. “மேகசினைக் கழட்டு. காலி பண்ணிக் காட்டு.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் செய்தான். தினோய் வந்தார். எல்லாருக்கும் கேட்கும்படி விதியைச் சொன்னார். “குழல்ல ஒண்ணும் இல்லன்னா, மனாங் நிறுத்தினது தப்பு. நெஸ்தோர் முதல்ல இருந்து சுடலாம். குண்டு இருந்துச்சுன்னா நிறுத்தினது சரி. அவன் கணக்கு இத்தோட முடிஞ்சுது, மறுபடி சுட முடியாது.”

“அப்போ மனாங் தப்புன்னாதான் வீட்டுக்குப் பன்னி வரும்!” என்று யாரோ கத்தினார்கள்.

“ஒண்ணும் இருக்காது, பாருங்க” என்றான் நெஸ்தோர்.

அவன் சொன்னபடி ஆனால் பன்றி அவனுக்கு, தொப்பி இல்லை. இவள் சொன்னபடி ஆனால் தொப்பி இவளுக்கு, பன்றி இல்லை. ஆண்டவரிடம் எதைக் கேட்பது? புரிங் எதையும் கேட்கவில்லை. கணவனின் இரண்டு கைகளையும் பார்த்தாள். விரல்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அதற்கு மட்டும் நன்றி சொன்னாள்.

தினோய் குழலைக் கழற்றி வானத்துக்கு நேரே பிடித்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அதை நெஸ்தோரிடம் நீட்டினார்.

நெஸ்தோர் பார்த்தான். குழலுக்குள் வெளிச்சமே இல்லை. அவன் முகம் வெளுத்துப்போயிற்று. தோட்டாப் பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

“கடைசி ரெண்டு நிமிஷமா?” என்றாள் புரிங், தன் பழைய சின்னக் குரலில்.

“சமமாப் போயி, கூடுதல் நேரம் ஆடினாங்க புரிங்...”

அவ்வளவுதான். முதலில் சிரித்தவன் ரமில். அப்புறம் குவாரியே அதிர்ந்தது. நெஸ்தோரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்புக்கு நடுவில் எழுந்து, அத்தனை பேருக்கும் முன்னால் மனைவியின் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டான். பெரியவர்களுக்கு மட்டும் செய்கிற மரியாதை அது. கூட்டம் ஓவென்று கூவியது.

தினோய் தன் தலையிலிருந்த சிவப்புத் தொப்பியைக் கழற்றிப் புரிங்குக்கு வைத்துவிட்டார். அது அவள் காதுவரை இறங்கியது. “இந்தத் தொண்டையை இவ்வளவு நாள் எங்க வச்சிருந்தீங்க மனாங்?”

“வாத்துப் பட்டியிலதான்.”

ரமில் வந்து குனிந்தான். “பன்னி எனக்குத்தான் வரும்போல. ஆனா மொறுமொறுன்னு இருக்கிற முதல் தோல் உங்களுக்கு மனாங். உங்க புருஷனுக்கு வாலு.”

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய தவறால் போட்டி நின்றதோ அவர் எல்லாருக்கும் ஹாலோ ஹாலோ வாங்கித்தர வேண்டும். சீவின பனிக்கட்டியும் இனிப்புப் பயறும் பாலும் போட்ட அந்தக் கிண்ணங்களைத் தட்டு நிறைய ஏந்திக்கொண்டு நெஸ்தோர் திரும்பி வந்தபோது, அடுத்தவர் சுடத் தயாராகியிருந்தார். சிவப்புத் தொப்பி தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. வேடிக்கை பார்ப்பவர்கள் தாண்டக் கூடாத வெள்ளைக் கோடு ஒன்று அங்கே உண்டு; நெஸ்தோரின் ஒரு கால் மட்டும் அதைத் தாண்டியது.

“கோட்டுக்குப் பின்னால நில்லு, நெஸ்தோர்!”

கொக்குகள் மறுபடியும் எழும்பின. நெஸ்தோர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு நின்றான். பனிக்கட்டி உருகி முழங்கை வழியாக வழிந்துகொண்டிருந்தது. “என் பொண்டாட்டி” என்று பக்கத்தில் நின்ற பல் டாக்டரிடம், அவருக்குத் தெரியாத செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னான்.