காப்புறுதிப் போமில் இரண்டு மாடுகள்

போன செவ்வாய்க்கிழமை இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஜூட் வீட்டுக்கு வந்தார். நான் நிரப்பிக் கொடுத்த போமை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணை, நீங்கள் இன்சூரன்ஸ் கேக்கிறீங்களோ, நிவாரணம் கேக்கிறீங்களோ?"

எனக்கு விளங்கவில்லை. தேத்தண்ணியோடு வந்த மனைவி ரீற்றாவும் அப்படியே நின்றுவிட்டாள்.

வாராவாரம் இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும் — எழுத்து எனக்கு ஞாயிற்றுக்கிழமைத் தொழில். மிச்ச ஆறு நாளும் கொந்தராத்து. மீளக் குடியேறிய சனத்துக்கு வீட்டுத்திட்ட வீடுகள் கட்டிக் கொடுக்கிறேன். வெள்ளாங்குளத்திலிருந்து முசலி வரை நான் கட்டிய சுவர்கள் நிற்கின்றன. எனக்கென்று ஒரு கம்பனி இருக்கிறதென்றால், அது என் முதுகும் இடுப்பும்தான்.

இன்சூரன்ஸ் ஆசை வந்தது நாசர் நானாவால். முசலிக்காரர், என்னோடு வேலை செய்கிற மேசன். இரண்டு மாதத்துக்கு முன் சுவர் வேலைக்குக் கட்டிய சாரமரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரி இலவசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் படுத்துக் கிடக்கிற நாளுக்கு அந்த வீட்டில் உலை வைப்பது யார்? வீட்டுத்திட்டக் கந்தோரில் போய்க் கேட்டேன். "அவர் எங்கட ஆள் இல்லையே, உங்கட ஆள்" என்றார்கள்.

சரி… நான் விழுந்தால்? நான் யாருடைய ஆள்?

ரீற்றா அன்றைக்கே சொல்லிவிட்டாள். "இன்சூரன்ஸ் எடுக்காமல் இனி மேல ஏறக்கூடாது."

முதலில் போன கம்பனியில் சம்பளச் சீட்டும் முதலாளியின் கடிதமும் கேட்டார்கள். நான்தான் முதலாளி என்றேன். "அப்ப உங்களுக்கு மேல ஆர்?" என்றார் அங்கே கவுண்டரில் இருந்த தங்கச்சி. கடவுள் என்றேன். அவரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்லவில்லை, அந்த மட்டில் நல்ல பிள்ளை.

ஜூட்டின் கம்பனிக்குக் கடிதம் தேவையில்லை. போம் போதுமாம். போம் நிரப்ப எங்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? சண்டை முடிந்து இருந்த அகதி முகாமில் நாங்கள் நிரப்பாத போமா! வெறுமையாக விட்ட கட்டத்துக்குக் கூடாரம் போடத் தறப்பாள் கிடையாது. காயத்தை மறைத்தவனுக்குக் கூரைத் தகரம் கிடையாது. கூச்சப்பட்டுக் குறைத்து எழுதிய குடும்பங்கள் மழையில் நனைந்ததை என் கண்ணாலே பார்த்தேன்.

அதே பழக்கத்தில், ரீற்றா சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசிச் சண்டையில் இடது இடுப்பில் ஏறிய ஷெல் பீஸ் — இன்னும் உள்ளேதான் இருக்கிறது. முகாமில் வந்த செங்கண்மாரி. மலேரியா இரண்டு தரம். இடம் போதாமல் தனித்தாள் வைத்தேன். கிளினிக் கொப்பியைப் போட்டோப் பிரதி எடுத்து இணைத்தேன். ஊர் விதானையாரிடம் கையெழுத்தும் வாங்கினேன். செத்துப்போன இரண்டு மாடுகளையும் அடியில் சேர்க்கச் சொன்னாள் ரீற்றா. சேர்த்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்த ஜூட் அந்த மாடுகளின் வரியில் விரலை வைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"இப்பிடிக் குடுத்தால் ஒரு கம்பனியும் எடுக்காது அண்ணை. எல்லாத்துக்கும் 'இல்லை' எண்டு போடுங்கோ."

புதுப் போம் ஒன்றை நீட்டினார்.

"அப்ப இடுப்பில கிடக்கிற பீஸ்?"

"அது வெளியில தெரியுதோ?"

ரீற்றாவைப் பார்த்தேன். "நாசர் நானாவைப் பாத்தனீங்கள்தானே. எழுதுங்கோ. மடு மாதாவுக்கு நான் சொல்லுறன்" என்றாள்.

எழுதினேன். இல்லை. இல்லை. இல்லை…

யுத்தத்தால் காயப்பட்டதுண்டா என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது. எத்தனை கந்தோர், எத்தனை வரிசை! 'எங்களுக்கு இப்படி நடந்தது, எழுதிக்கொள்ளுங்கோ' என்று எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்போம்? பாதிப் பேர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது நானே, என் கையாலே, ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் மாதாமாதம் காசு கட்டி! ஜூட்டின் மேல் கோபமில்லை. அவரும் பிழைக்க வேண்டும்.

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

பழைய போமைக் கிழிக்கப் போனேன். ரீற்றா விடவில்லை. "இருக்கட்டும், வேற நிவாரணம் ஏதும் வந்தால் பாத்து எழுதலாம்" என்று அலுமாரிக்குள் வைத்தாள்.

ஜூட் வாசல் படலை வரை போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. "தம்பி, நான் விழுந்தால் எக்ஸ்ரே எடுப்பினம். பீஸ் தெரியும். பிறகு காசு தருவினமோ?"

ஜூட் மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்து என் இடுப்பைப் பார்த்தார்.

"இடது பக்கம் அடிபடாமல் விழப் பாருங்கோ அண்ணை."

பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

மறுநாள் முசலியில் கூரை வேலை. சாரமரத்தில் வலப்பக்க ஓரமாகவே நின்றேன் — விழுவதென்றால், ஒன்றும் நடக்காத பக்கமாக விழ வேண்டுமே!