பெல் இல்லாத சைக்கிள்

எங்கள் ஊரில் சாகக் கிடப்பவர்களிடம்தான் "என்ன ஆசைப்படுறீக?" என்று கேட்பார்கள். அப்பாவின் பெரியப்பா உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தபோது, சொந்தமெல்லாம் கூடிக் கேட்டு, கடைசியில் அது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்று கண்டுபிடித்தார்கள். நாக்கில் ஒரு சொட்டுப் பட்டதும் மனிதர் நிம்மதியாகக் கண்ணை மூடினார். ஆசை அடங்கினால் உயிர் அடங்கும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. குழம்பு வைத்த அத்தைக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. எனக்கு அப்போது ஏழெட்டு வயது. மிச்சக் குழம்பு ருசியாக இருந்தது மட்டும்தான் ஞாபகம்.

மறு வருஷம் மதுரையிலிருந்து ஒரு வேன், ரெட்டியார்சத்திரம் தாண்டி, எங்கள் தக்காளித் தோட்டத்து வீட்டின் முன்னால் வந்து நின்றது. பெரிய நோய் வந்த பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றி வைக்கிறவர்களாம். என் தம்பிக்கு ரத்தத்தில் புற்றுநோய். ஆஸ்பத்திரி டாக்டர்தான் அவன் பெயரைச் சொல்லியிருந்தார். வேனிலிருந்து இறங்கிய அக்கா ஒருத்தி அவன் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து, "உனக்கு என்ன ஆசை, சொல்லு கண்ணா" என்றாள்.

அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மா முந்திக்கொண்டாள். "எம் புள்ளைக்கு ஒரு ஆசையும் இல்லம்மா. காப்பித்தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

"அவனே சொல்லட்டுமேங்க."

"வாயத் தொறந்துராத சாமி" என்று அத்தை எனக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தாள். எனக்கோ வேறு பயம். இந்தப் பயல் பிஸ்கெட், மிட்டாய் என்று எதையாவது உளறிக் காரியத்தைக் கெடுத்துவிடுவானோ என்று. கை இரண்டையும் முன்னால் நீட்டி, ஹேண்டில்பாரைப் பிடித்து வளைப்பதுபோல் அவனுக்குக் காட்டினேன். அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. அப்பாவின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து போகும்போது ஆளில்லாத ரோட்டிலும் பெல் அடித்துக்கொண்டே போகிறவன் அவன்.

"சைக்கிள்" என்றான். "செவப்பு. பெல்லு வச்சது."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கேட்டபடியே சைக்கிள் வந்தது. பலூன் கட்டி, எல்லோரும் கைதட்ட, தம்பியை அதன் மேல் உட்காரவைத்தார்கள். அவன் கட்டைவிரல் பெல்லை நோக்கிப் போனது. அதற்குள் அம்மாவின் கை பாய்ந்து பெல்லை மூடிக்கொண்டது. அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது. பார்ப்பவர்கள், மகன் விழாமலிருக்கத் தாய் பிடித்திருக்கிறாள் என்று நினைப்பார்கள்.

வேன் போனதும் ஸ்பேனரால் பெல்லைக் கழற்றி அரிசிப்பானைக்குள் புதைத்தாள். தம்பி அழுதான்.

"கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் அப்பு. பொறவு தாரேன்."

முறுக்கைக்கூடப் பாதி உடைத்து எடுத்துவைத்துவிட்டு இதையே சொல்கிறவள்தான். இதிலுமா கஞ்சத்தனம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தம்பி வாயாலேயே "டிரிங் டிரிங்" என்று அடித்துக்கொண்டு வாய்க்கால் வரை ஓட்டினான். நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவேன். அவன் களைத்தபிறகு நான் ஓட்டுவேன்.

அடுத்த பங்குனியில், இனி மருந்து கேட்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எலும்பெல்லாம் வலி. போர்வை பட்டால்கூட அலறினான். பிறகு அலறவும் தெம்பில்லாமல் முனகினான். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. அப்படியே நாட்கள் போயின.

ஒரு மத்தியானம் அம்மா எழுந்துபோய்ப் பானைக்குள் கையை விட்டாள். அத்தை ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள். "வேணாம் மதினி."

"இன்னும் எம்புட்டு நாளைக்கு எம் புள்ளயத் துடிக்க விடச் சொல்ற?"

பெல்லில் ஒட்டியிருந்த தவிட்டை முந்தானையால் துடைத்தாள். சைக்கிளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உருட்டி வந்து, அவன் பார்க்கும்படி மாட்டி முடுக்கினாள். அவன் கட்டைவிரலை எடுத்து வைத்து, தன் விரலால் மெல்ல அழுத்தினாள். கணீரென்று அடித்தது. தம்பி சிரித்தான்.

அத்தை சேலையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்பா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருவழியாக அம்மா மனமிரங்கிவிட்டாளே என்று கைதட்டிக் குதித்து, "இன்னொரு தடவ அடிடா" என்றேன்.